“நூறு ரூபாய்க்கும் கணக்கு உண்டு!” - மாதனூர் ஷூ கம்பெனிப் பெண்களும் ஒரு 40 பக்க நோட்டும்

காலை ஏழு மணிக்கு முன்பே மாதனூர் பரபரப்பாகிவிடும். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையோரம் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் நிற்பார்கள். கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், வெளிநாட்டுக்காரர்கள் போடும் ஷூக்களைத் தைக்கும் கைகளில் பல இந்தப் பெண்களுடையவை.

அவர்களில் ஒருவர் அந்த அக்கா. வயது 41. படிப்பு பத்தாம் வகுப்பு. ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ தைக்கும் லைனில் 16 வருட சர்வீஸ். பிடித்தம் போகக் கைக்கு வருவது 12,000 ரூபாய் சொச்சம். லைனில் மொத்தம் 46 பெண்கள். வயதில் மூத்தவர்கள்கூட அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தன் பெயர் வெளியே வருவதில் அவருக்கு விருப்பம் இல்லை. ‘‘பேரு போட்டா, ஏதோ நான் குடுத்த மாதிரி ஆயிடும். குடுத்தது எல்லாரும்தானே?’’ என்பது அவர் சொல்லும் காரணம்.

அந்த லைனில் ஒரு காலத்தில் யாரும் யாருக்கும் நன்கொடை கொடுக்கத் தயாராக இல்லை. கொடுக்க மனம் இல்லாமல் இல்லை. கொடுத்துக் கொடுத்து ஏமாந்த அலுப்பு.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். பல வருடங்களாக மணலை மட்டுமே பார்த்துப் பழகிய ஆறு, கரை கொள்ளாமல் ஓடியது. அப்போது நிவாரணத்துக்கு என்று ஒரு குழு வந்து வசூல் செய்தது. இந்த லைனில் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தார்கள். அரிசி எவ்வளவு வாங்கினார்கள், எந்தத் தெருவுக்குப் போனது, மீதி எவ்வளவு என்று எவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. அந்தக் குழு நேர்மையாகவே செலவு செய்திருக்கலாம். ஆனால் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்து வாட்ஸ்அப். மூக்கில் டியூப் சொருகிய ஒரு குழந்தையின் படம். அவசர ஆபரேஷன், இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று ஒரு செய்தி. அக்கா 500 ரூபாய் அனுப்பினார். ஆறு மாதம் கழித்து அதே குழந்தை, அதே டியூப், வேறு பெயர், வேறு ஊர், வேறு நம்பர். ‘‘அந்தக் குழந்தை இருக்குதா, இல்லையா, யாரு பெத்த புள்ளைன்னுகூடத் தெரியல. 500 ரூபா போனதுகூடப் பரவால்ல. அதுக்கப்புறம் நெஜமாவே கேக்கறவங்களைப் பார்த்தாலும் சந்தேகம் வருது பாரு, அதான் தாங்கல’’ என்கிறார்.

பொய்யாகக் கேட்பவர் திருடுவது கொடுத்தவரின் பணத்தை மட்டும் அல்ல. அடுத்து உண்மையாகக் கேட்க வருகிறவரின் பங்கையும் சேர்த்துத்தான்.

‘இன்னாத்த நம்பிக் குடுக்கிறது?’

அந்த ‘அடுத்து வருகிறவர்’ அதே லைனில் இருந்தார். மூன்று மெஷின் தள்ளி உட்காரும் ஒரு பெண். கணவர் சாலை விபத்தில் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் பிளஸ் டூ முடித்து நர்ஸிங் டிப்ளமோவில் சேர இடம் கிடைத்துவிட்டது. முதல் தவணை 12,500 ரூபாய். கட்ட இருந்தது இரண்டு வாரம். வட்டிக்கு வாங்கலாம் என்று பார்த்தால், கணவரின் மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை.

அக்கா சாப்பாட்டு வேளையில் பேச்சை எடுத்தார். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் வெளிப்படையாகக் கேட்டார். ‘‘இன்னாத்த நம்பிக் குடுக்கிறதுக்கா? வெள்ளத்துக்குக் குடுத்தோமே, அது எங்க போச்சு?’’

அன்று இரவு வீட்டில் சொன்னபோது அக்காவின் கணவரும் தடுத்தார். ‘‘காசு விஷயத்துல தலையக் குடுக்காத. பத்து ரூபா குறைஞ்சாலும் பதினாறு வருஷப் பேரு போயிடும்.’’ அவர் சொன்னதும் நியாயம்தான். இந்த ஊர்களில் பெண்கள் சேர்த்து வைத்திருக்கும் ஒரே சொத்து பல நேரம் அந்தப் பெயர் மட்டும்தான். சீட்டுப் பணத்தில் கை வைத்துவிட்டார் என்று ஒரு முறை பேச்சு வந்தால், அந்தத் தெருவில் பிறகு நடமாட முடியாது.

மறுநாள் அக்கா ஒரு 40 பக்க நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் எதற்காக வசூல், எவ்வளவு தேவை, எந்தத் தேதிக்குள் என்று எழுதினார். அடுத்த பக்கத்தில் வரிசை எண், பெயர், தொகை, கையெழுத்து. ‘‘கல்யாணத்துல மொய் எழுதறோமே, அதே மாதிரிதான்’’ என்றார்.

தமிழ்க் குடும்பங்களில் மொய் நோட்டுக்கு இருக்கும் மரியாதை பெரியது. பத்திரம், ரேஷன் கார்டோடு பீரோவில் பூட்டி வைக்கும் பொருள் அது. இருபது வருடத்துக்கு முன் யார் 51 ரூபாய் வைத்தார்கள் என்று பார்த்து, இன்று அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி வைப்போம். அதில் யாரும் பொய் எழுதுவதில்லை. கொடுத்தவர் கண்முன்னால் எழுதி, பெயரையும் தொகையையும் சத்தமாகப் படித்துவிடுவதால் பொய்க்கு இடமே இல்லை.

சம்பளத் தேதி வந்தது. 46 பேரில் 38 பேர் கொடுத்தார்கள். சிலர் 100, சிலர் 500, ஒருவர் 1,000. ரொக்கம் கொடுத்தவரும் கையெழுத்து, ஜிபேயில் அனுப்பியவரும் கையெழுத்து. மொத்தம் 16,200 ரூபாய். கொடுக்காத எட்டுப் பேரின் பெயர் நோட்டில் எங்கும் இல்லை. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் கூடாது என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்.

900 ரூபாய்

பணத்தை அந்தத் தாயின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடவில்லை அக்கா. முதல் தவணை கட்டிய ரசீதின் நகலை நோட்டில் ஒட்டினார்: 12,500. புத்தகம், யூனிஃபார்ம் வாங்கிய பில்கள்: 2,350. மீதி 1,350 ரூபாய் அந்தத் தாயிடம் இருக்க வேண்டும். கேட்டபோது, 450 ரூபாயை எடுத்து நீட்டியவர் அழுதுவிட்டார். 900 ரூபாய் கேஸ் சிலிண்டருக்குப் போயிருந்தது.

‘‘சொல்லிடாதேக்கா... மானம் போயிடும்.’’

இந்த இடத்தில் நோட்டை மூடிவைப்பது சுலபம். புத்தகச் செலவில் 900-ஐச் சேர்த்து எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா இரண்டு நாள் யோசித்தார். பிறகு அந்தத் தாயை உட்காரவைத்துப் பேசி, அவர் சம்மதத்துடன் நோட்டில் ‘வீட்டுச் செலவு - 900’ என்று எழுதினார். அடுத்த சாப்பாட்டு வேளையில் எல்லோர் முன்பும் கணக்கைப் படித்தார்.

‘‘படிப்புக்குன்னு வாங்கினதுல 900 ரூபா வீட்டுக்குப் போயிருக்குது. அடுப்பு எரிஞ்சாத்தான் பொண்ணு படிக்கும்னு எனக்குத் தோணுது. தப்புன்னு நினைக்கிறவங்க சொல்லுங்க. அந்தக் காசை நான் போட்டுடறேன்.’’

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெள்ளக் கணக்கைக் கேட்ட அதே பெண்தான் மறுபடியும் வாய் திறந்தார். ‘‘900 ரூபா பெருசில்லக்கா. அடுப்புக்குன்னு கேட்டிருந்தாலும் குடுத்திருப்போம். ஆனா சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணா இருக்கக் கூடாது. அடுத்த வாட்டி முன்னாடியே கேட்டுடுங்க.’’

அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ‘வேறு செலவுக்கு எடுத்தால் முன்பே கேட்க வேண்டும்.’ யாரும் 900 ரூபாயைத் திருப்பிப் போடச் சொல்லவில்லை.

இன்னொரு சின்ன விவாதமும் நடந்தது. ரசீது நகல் எடுக்கவும் பஸ்ஸுக்கும் அக்காவுக்கு 60 ரூபாய் செலவாகியிருந்தது. அதை அவர் எழுதவே இல்லை. பக்கத்து மெஷின்காரர் விடவில்லை. ‘‘நீ கைக்காசு போட்டுக்கினே இருந்தா ரெண்டு வாட்டிக்கு மேல செய்ய மாட்ட. எழுதுக்கா.’’ எழுதினார்கள். ஆக 12,500 + 2,350 + 900 + 60. மொத்தச் செலவு 15,810. கையிருப்பு 390.

அடுத்த முறை, கேன்டீனில் பாத்திரம் கழுவும் பாட்டியின் கண் ஆபரேஷனுக்குப் போய்வரும் செலவுக்காக நோட்டு மீண்டும் திறந்தது. இந்த முறை கொடுத்தவர்கள் 44 பேர். முன்பு கொடுக்காத எட்டுப் பேரில் ஆறு பேரும் அதில் இருந்தார்கள். நல்ல கணக்கை மட்டும் படித்திருந்தால் அந்த ஆறு பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அனுமதி கேட்ட டாக்டர்கள்

மாதனூர் லைனில் 900 ரூபாய்க்கு எழுந்த அதே கேள்வி, உலக அளவில் கோடிக்கணக்கான பணத்துக்கு எழுந்த சம்பவம் ஒன்று உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகமே அள்ளிக் கொடுத்தது. ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்ற சர்வதேச அமைப்புக்கும் பணம் குவிந்தது. ஆனால் சுனாமிப் பகுதிகளில் தங்களால் செய்யக்கூடிய மருத்துவப் பணிக்குத் தேவையானதைவிட அதிகம் வந்துவிட்டது என்று அவர்களுக்குச் சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. 2005 ஜனவரி தொடக்கத்தில், ‘சுனாமிக்கு என்று இனி அனுப்ப வேண்டாம், போதுமான அளவு வந்துவிட்டது’ என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். மற்ற தொண்டு நிறுவனங்கள் சில அவர்கள்மீது கோபப்பட்டன. எல்லோருக்கும் வரும் நன்கொடை நின்றுவிடுமே என்ற பயம்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. ஏற்கெனவே கொடுத்தவர்களைத் தொடர்புகொண்டு, ‘உங்கள் பணத்தை வேறு நாடுகளில் உள்ள நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாமா? விருப்பம் இல்லை என்றால் திருப்பித் தருகிறோம்’ என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் சம்மதித்தார்கள். திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான்.

கொடுப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நிலைமை மாறும், தேவை மாறும் என்பது அவர்களுக்கும் புரியும். தங்களைக் கேட்காமல் மாற்றுவதைத்தான் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அதே சுனாமி நேரத்தில் நாகப்பட்டினத்தில் வேறொரு காட்சியும் உண்டு. லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணிகள் சாலையோரம் குவியலாகக் கிடந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. கொடுத்தவர்களுக்கு, ‘நாம் அனுப்பியதை மதிக்கவில்லையே’ என்று வருத்தம். வாங்க வேண்டியவர்களுக்கு, ‘வீடும் படகும் போய் நிற்கிறோம், கிழிந்த துணியையா கொடுப்பது’ என்று வருத்தம். நடுவில் நின்று ‘இங்கே என்ன தேவை’ என்று கேட்டுச் சொல்ல ஆள் இல்லாததால் இரண்டு பக்கமும் நம்பிக்கை உடைந்தது.

சாகாத ஆடுகளும், நேட்டால் ரசீதும்

கணக்குக் கேட்பது ஏதோ இந்தக் காலத்துச் சந்தேகப் புத்தி என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் தானமும் கணக்கும் சேர்ந்தேதான் வளர்ந்திருக்கின்றன.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்றால், பல கல்வெட்டுகளில் 96 ஆடுகள் கொடுத்ததாக இருக்கும். யார் கொடுத்தார், எத்தனை ஆடு, தினமும் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டியிருப்பார்கள். அந்த ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள். ஆடு சாகாமல் இருக்குமா? மந்தையை வளர்ப்பவர் செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அர்த்தம். முதல் கரையாமல் பலன் மட்டும் வர வேண்டும். இன்றைய அறக்கட்டளைகள் ‘வைப்பு நிதி’ என்று சொல்வதை ஆட்டு மந்தையில் செய்து காட்டியிருக்கிறார்கள். தோலையும் ஆட்டையும் நம்பி வாழும் வட்டாரத்துக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1894-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தி தொடங்கிய நேட்டால் இந்திய காங்கிரஸுக்கு வருவோம். சந்தாவுக்கு விடாமல் ரசீது கொடுத்தார்கள். ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு எழுதினார்கள். சரியான கணக்கு இல்லாமல் பொதுக் காரியத்தில் உண்மையைக் காப்பாற்ற முடியாது என்பது அந்த அனுபவத்தில் காந்திக்குக் கிடைத்த பாடம். தன் சுயசரிதையில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். பொது அமைப்புகள் பெரிய நிரந்தர நிதியைச் சேர்த்துக்கொண்டு அதன் வட்டியில் வாழக் கூடாது. வருடா வருடம் மக்கள் தரும் சந்தாவில் ஓட வேண்டும். அப்போதுதான் மக்களுக்குப் பதில் சொல்லும் பயம் இருக்கும் என்பது அவர் கட்சி.

சோழர் காலத்து மந்தையும் காந்தியின் சந்தாவும் எதிரெதிர் வழிகள் போலத் தெரியும். ஒன்று நிரந்தரம், மற்றது வருடாந்தரம். ஆனால் இரண்டிலும் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல ஆள் உண்டு.

வேலூர் காட்டிய வழி

மாதனூரிலிருந்து கிழக்கே போனால் வேலூர். 2019-ல் திருப்பத்தூர் மாவட்டம் பிரியும்வரை மாதனூருக்கு மாவட்டத் தலைநகரம் அதுதான். சி.எம்.சி மருத்துவமனையைத் தெரியாத குடும்பம் இந்தப் பக்கம் இருக்காது. அது நின்றதும் வளர்ந்ததும் நன்கொடையால்தான்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கட்டர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் பெண் மருத்துவர் இல்லாமல் இறந்துபோனதைப் பார்த்து மருத்துவம் படிக்கப் போனார் என்ற கதை பலருக்கும் தெரியும். அதற்கு அடுத்த பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1899-ல் படிப்பை முடித்துவிட்டு அமெரிக்காவிலிருந்து திரும்பும் முன், வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. அனுபவமே இல்லாத இளம் டாக்டர். காட்டுவதற்கு ஒரு கட்டடம்கூடக் கிடையாது. ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு ‘மேரி டேபர் ஷெல்’ மருத்துவமனை திறக்கப்பட்டது. எந்தப் பெண்ணின் நினைவாகக் கொடுத்தாரோ, அந்தப் பெயரே வாசலில் இருந்தது. சொன்ன ஊரில், சொன்ன வேலைக்கு, சொன்ன பெயரில், மிஞ்சிப்போனால் மூன்றே ஆண்டுகளில்.

அதன் பிறகு அவர் கேட்டது பெரிய தொகைகள். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1922-ல் முதல் அணியில் 14 பேர் படித்து வெளியே வந்தார்கள். ஆசியாவில் உள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்காவில் பெரிய நிதி திரட்டல் நடந்தபோது, வேலூரும் அதில் ஒன்று. ‘நீங்கள் 20 லட்சம் டாலர் திரட்டுங்கள், நாங்கள் 10 லட்சம் தருகிறோம்’ என்று ராக்ஃபெல்லர் நிதியம் ஒன்று நிபந்தனை வைத்தது. ஆயிரக்கணக்கான சாதாரணப் பெண்கள் சிறு தொகைகளாகக் கொடுத்து அந்த இலக்கை எட்டினார்கள். சொன்ன 40 படுக்கை வந்தது என்ற நம்பிக்கையும் அந்தச் சிறு தொகைகளுக்குப் பின்னால் இருந்தது.

தோல் வியாபாரிகளின் கொடையும் இந்த வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படிதான் நிற்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தொடங்கியது. மேல்விஷாரத்தில் 1965-ல் தொடங்கிய கல்லூரிக்கு, தோல் வணிகத்தில் சம்பாதித்து அள்ளிக் கொடுத்த சி.அப்துல் ஹக்கீமின் பெயர். அந்தக் காலத்தில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். பணம் செங்கல்லாக மாறுவதைத் தெருவில் போகிற எவரும் பார்க்க முடிந்தது. கட்டடமே ரசீது.

இன்று கொடுப்பவர் கையில் இருப்பது ஒரு க்யூஆர் கோடு. அனுப்பிய நொடியில் ‘வெற்றி’ என்று பச்சை டிக் வரும். அதன் பிறகு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தெருவில் நடந்துபோகும்போதே பார்த்துக்கொண்டதை இப்போது கணக்கைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்

சட்டமும் கொடுப்பவர் பக்கம் சில வசதிகளைச் செய்து வைத்திருக்கிறது. வரிச்சலுகைக்காக வருமான வரிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற அமைப்புகள், யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று வரித்துறைக்கு விவரம் கொடுத்து, கொடுத்தவருக்குச் சான்றிதழ் தர வேண்டும் என்ற முறை 2021-22 நிதியாண்டிலிருந்து வந்தது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. ஆகவே பெரிய தொகையை ‘ரொக்கமாகவே கொடுங்கள்’ என்று ஒருவர் வற்புறுத்தினால், காரணம் கேளுங்கள். நிதி ஆயோக்கின் ‘தர்ப்பண்’ தளத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்று மொபைலிலேயே பார்க்கலாம். பதிவு இருப்பதாலேயே நல்ல நிறுவனம் என்று ஆகிவிடாது. ஆனால் முகவரியும் பொறுப்பாளர் பெயரும் இல்லாத ஓர் எண்ணுக்கு அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

மருத்துவ உதவி என்று வாட்ஸ்அப்பில் வந்தால், எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று கேட்டு, அந்த மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசிவிடுங்கள். செய்தியில் இருக்கும் எண்ணுக்குப் பேசிப் பயனில்லை. முடிந்தால் தனி நபர் கணக்குக்குப் பதில் மருத்துவமனையின் கணக்கிலேயே கட்டுங்கள்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் நிர்வாகச் செலவு. ‘நூற்றுக்கு நூறும் ஏழைகளுக்கே போகிறது’ என்று யாராவது சொன்னால் நமக்கு இனிக்கும். ஆனால் அரிசி மூட்டை தானாக நடந்து போகாது. வண்டிக்கு டீசல் வேண்டும், கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம் வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்கு நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவிகிதமாக இருந்தது, 2020 சட்டத் திருத்தத்தில் 20 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. வரம்பு எவ்வளவு இருக்கலாம் என்பதில் வாதங்கள் உண்டு. செலவே இல்லை என்று சொல்கிறவர், ஒன்று கைக்காசு போடுகிறார், இல்லை மறைக்கிறார். முதலாமவர் சீக்கிரம் களைத்துவிடுவார். இரண்டாமவர் சீக்கிரம் மாட்டிக்கொள்வார். 60 ரூபாய் பஸ் காசை நோட்டில் எழுதச் சொன்ன பக்கத்து மெஷின்காரருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

வாங்குகிறவரின் மானம்

கணக்குக் கேட்கும் உரிமைக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. கொடுத்தவருக்குத் தெரிய வேண்டியது பணம் எங்கே போனது என்பது. வாங்கியவரின் முகம் அதில் சேராது.

நிவாரணப் பை வாங்கும்போது கேமராவைப் பார்த்து நிற்கவைப்பது, நோட்டுப் புத்தகம் வாங்கும் பிள்ளையைப் பத்துப் பேர் சுற்றி நின்று படம் எடுப்பது, அதை ஸ்டேட்டஸில் போடுவது... இவையெல்லாம் ‘கொடுத்தவர்களுக்கு ஆதாரம் காட்டத்தான்’ என்ற பெயரில் நடக்கின்றன. மாதனூர் நோட்டில் அந்த மாணவியின் படம் கிடையாது. கல்லூரி ரசீதும் கடை பில்லும் மட்டும்தான் இருக்கின்றன. ஒருவர், ‘‘பொண்ணை ஒரு நாள் கூட்டியாந்து எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்லச் சொல்லலாமே’’ என்று ஆசையாகத்தான் கேட்டார். அக்கா மறுத்துவிட்டார். ‘‘அது நாளைக்கு நர்ஸாகி இதே ரோட்டுல நடக்கணும். நம்மளப் பார்த்தா தலை குனியக் கூடாது.’’

900 ரூபாயைப் பற்றிச் சொல்லும் முன் அந்தத் தாயின் சம்மதத்தை வாங்கியதும் இதே காரணத்தால்தான். மறைத்தால் கொடுத்தவர்களுக்குத் துரோகம். கேட்காமல் போட்டு உடைத்தால் வாங்கியவருக்குத் துரோகம். உட்கார்ந்து பேசி, இருவருக்கும் பொதுவான ஒரு வரியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. தொண்டு செய்வதில் பெரிய வேலை அந்த இரண்டு நாள் வேலைதான். பெரிய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆண்டறிக்கையில் சிரிக்கும் குழந்தைகளின் படங்களைக் குறைத்துக்கொண்டு, ‘இந்த வருடம் இதைச் செய்வதாகச் சொன்னோம், இவ்வளவுதான் முடிந்தது, காரணம் இது’ என்று அரைப் பக்கம் எழுதினால், கொடுத்தவர்கள் ஓடிப்போக மாட்டார்கள். மறு வருடமும் வருவார்கள்.

உங்கள் தெருவிலோ, அபார்ட்மென்ட்டிலோ, அலுவலகத்திலோ அடுத்த முறை யாருக்காவது வசூல் செய்யும் பொறுப்பு உங்களிடம் வரலாம். கோயில் திருவிழா, பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி, சர்ச் கட்டட நிதி, பக்கத்து வீட்டுக்காரரின் மருத்துவச் செலவு என்று எதற்காகவும் இருக்கலாம். எதற்கு என்று முதலிலேயே எழுதுங்கள். வாங்கும்போது கொடுத்தவர் கண்முன்னால் எழுதுங்கள். செலவு முடிந்ததும் யாரும் கேட்கும் முன்பே படித்துக் காட்டுங்கள். தவறிப்போனதையும் சேர்த்துப் படியுங்கள். கணக்குக் கேட்கிறவரை விரோதியாகப் பார்க்காதீர்கள். அடுத்த முறையும் கொடுக்கலாம் என்ற எண்ணம் இருப்பதால்தான் அவர் கேட்கிறார். கொடுக்கும் எண்ணம் போய்விட்டவர்கள் எதையும் கேட்பதில்லை.